கரிசல் வட்டாரத்தில் கற்றலும் மனநலமும்

கரிசல் வட்டாரத்தில் கற்றலும் மனநலமும் என்பது, கோவில்பட்டியை மையமாகக் கொண்ட கரிசல் நிலப் பகுதியில் குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வாழ்க்கைக் கட்டங்களில் கல்விக்கும் உளநலத்திற்கும் இடையே உள்ள தொடர்பைக் குறிக்கும். ஒருவர் கற்பதை நிறுத்திவிடுவதற்கு அவருடைய வயதே காரணம் என்பது பரவலான நம்பிக்கை. இவ்வட்டாரத்தின் வரலாறு வேறொன்றைக் காட்டுகிறது. குழந்தைப் பருவத்தில் பசியும் உழைப்பும், வளரிளம் பருவத்தில் தோல்வி பற்றிய அச்சமும், நடு வயதில் வெட்கமும், முதுமையில் தனிமையும் கற்றலைத் தடுக்கின்றன. இத்தடைகள் மனநலத்தையும் கெடுக்கின்றன. எந்தக் கட்டத்திலும் தடை நீங்கும்போது கற்றல் மீண்டும் தொடங்குகிறது.

வட்டாரப் பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தின் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பகுதிகளும், விருதுநகர் மாவட்டத்தின் சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை பகுதிகளும், தென்காசி மாவட்டத்தின் கிழக்கு ஓரமும் கரிசல் வட்டாரம் என அழைக்கப்படுகின்றன. இது வற்றாத ஆறுகள் இல்லாத மானாவாரி நிலம். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மிளகாய் முதலியன பயிரிடப்படுகின்றன. கோவில்பட்டியில் 1901 இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 

மழை பொய்த்தால் ஆண்டு முழுவதும் வருமானம் இராது. இந்த நிலையற்ற வருமானமே, 1920களில் சிவகாசியில் தொடங்கி வட்டாரம் முழுவதும் பரவிய தீப்பெட்டித் தொழிலுக்கு ஆட்களைக் கொண்டு சேர்த்தது. வறண்ட காலநிலையும் இத்தொழிலுக்கு உகந்ததாக அமைந்தது. வீட்டின் வருமானம் குறையும்போது முதலில் நிறுத்தப்பட்டது பெரும்பாலும் பிள்ளைகளின் படிப்பே ஆகும். அதிலும் பெண் பிள்ளைகளின் படிப்பே முதலில் நின்றது.

கருத்துருக்கள்

மனநலம்

உலக சுகாதார நிறுவனம் மனநலத்தை நோயற்ற நிலை என்று மட்டும் வரையறுப்பதில்லை. வாழ்க்கையின் அழுத்தங்களைத் தாங்கவும், தன் ஆற்றல்களை உணரவும், நன்கு கற்கவும், நன்கு பணியாற்றவும், சமூகத்திற்குப் பங்களிக்கவும் ஒருவரால் இயலும் நிலையையே அது மனநலம் என்கிறது. இவ்வரையறையில் கற்றல் மனநலத்தின் ஒரு கூறாகவே இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

வாழ்க்கைக் கட்டங்கள்

வாழ்க்கையைப் பருவங்களாகப் பகுக்கும் வழக்கம் தமிழில் தொன்மையானது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாகவும், உலா இலக்கியம் பெண்களின் வயதைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவங்களாகவும் பகுக்கின்றன. நவீன உளவியலில் எரிக் எரிக்சன் 1950 இல் முன்வைத்த எட்டுக் கட்டங்கள் பரவலாக அறியப்பட்டவை. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு முரண் எழும் என்பது அவர் கருத்து. அவற்றுள் இக்கட்டுரைக்குத் தொடர்புடையவை பின்வருமாறு:

- பள்ளிப் பருவம்: செயலூக்கம் எதிர் தாழ்வுணர்வு
- வளரிளம் பருவம்: அடையாளம் எதிர் குழப்பம்
- நடு வயது: அடுத்த தலைமுறைக்கு ஆக்கம் தருதல் எதிர் தேக்கம்
- முதுமை: வாழ்வு பற்றிய நிறைவு எதிர் விரக்தி

அறிவுத்திறனின் இரு வகைகள்

ரேமண்ட் கேட்டலும் ஜான் ஹார்னும் அறிவுத்திறனை நீர்ம அறிவுத்திறன், திரண்ட அறிவுத்திறன் என இரு வகையாகப் பிரித்தனர். புதிய சிக்கலை விரைந்து தீர்க்கும் ஆற்றல் முதல் வகை. இது இளமைக்குப் பின் படிப்படியாகக் குறைகிறது. சொல்வளம், தொழில் நுணுக்கம், உலகியல் அறிவு முதலியன இரண்டாம் வகை. இது நடு வயதைக் கடந்தும் வளரக்கூடியது. எனவே முதியவர் மெதுவாகக் கற்பார் என்பது ஓரளவு உண்மை. கற்க இயலாதவர் என்பது பிழை.

குழந்தைப் பருவம்

பசியும் பள்ளியும்

தமிழ்நாட்டில் முதலமைச்சர் காமராசர் காலத்து மதிய உணவுத் திட்டம் 1956 இல் எட்டயபுரத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. பாரதியார் பிறந்த இவ்வூர் கோவில்பட்டிக்குக் கிழக்கே அமைந்துள்ளது. இத்திட்டம் 1982 இல் எம். ஜி. இராமச்சந்திரன் காலத்தில் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கப்பட்டது. 2023 ஆகத்தில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிவாக்கப்பட்டது.

பள்ளி உணவைப் பிள்ளைகளை வகுப்பிற்கு வரவழைக்கும் ஏற்பாடாக மட்டும் கருதுவது போதாது. இரும்புச் சத்துக் குறைபாடும் பசியும் கவனத்தைச் சிதறடிக்கின்றன. கவனம் சிதறும் பிள்ளை பாடத்தில் பின்தங்குகிறது. பின்தங்கிய பிள்ளை தன்னை மந்தமானவள் அல்லது மந்தமானவன் என்று நம்பத் தொடங்குகிறது. எரிக்சன் கூறும் தாழ்வுணர்வு பல நேரங்களில் இவ்வாறு வயிற்றிலிருந்தே தொடங்குகிறது.

தீப்பெட்டி ஆபீசும் குழந்தைகளும்

இவ்வட்டார மக்கள் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் தீப்பெட்டி ஆபீஸ் என்றே அழைப்பர். சட்டங்களில் குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், சீட்டு ஒட்டுதல், பெட்டிக்குள் குச்சி அடைத்தல் ஆகிய வேலைகளில் 1970களிலும் 1980களிலும் பெருந்தொகையான சிறுவர்கள், குறிப்பாகச் சிறுமிகள், ஈடுபடுத்தப்பட்டனர். விடியலுக்கு முன்பே கிராமங்களுக்கு வரும் ஆலைப் பேருந்துகள் அவர்களை ஏற்றிச் சென்றன. கூலி, வேலையின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆகவே விரைவாக அடுக்கும் பிஞ்சு விரல்கள் குடும்பத்தின் வருவாயாகக் கருதப்பட்டன.

இதன் உளவியல் விளைவுகளை மூன்றாகப் பகுக்கலாம். முதலாவது உறக்கமின்மை. பகலில் கற்றவை நினைவில் நிலைபெற உறக்கம் இன்றியமையாதது. இரண்டாவது விளையாட்டின் இழப்பு. விதிகளை ஏற்றல், விட்டுக்கொடுத்தல், தோல்வியைத் தாங்குதல் ஆகியவற்றைக் குழந்தைகள் விளையாட்டில்தான் பழகுகின்றனர். மூன்றாவது பொறுப்பின் சுமை. வீட்டின் அடுப்பு தன் கையால் எரிகிறது என்பதை அறிந்த பிள்ளை, பள்ளிக்குச் செல்ல விரும்புவதையே குற்றமாக உணரக்கூடும்.

இந்நிலை குறித்துச் சலம் பென்னூர்கர் இயக்கிய குட்டி ஜப்பானின் குழந்தைகள் என்னும் ஆவணப்படம் 1990 இல் வெளிவந்தது. கோவில்பட்டி அருகே பிறந்த எழுத்தாளர் பூமணி, தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் கருவேலம் பூக்கள் என்னும் திரைப்படத்தை இதே பொருளில் இயக்கினார்.

சட்டமும் மாற்றமும்

- 1986: குழந்தைத் தொழிலாளர் (தடை மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது.
- 1988: தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டது. வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன. இத்திட்டம் 2021 இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.
- 1996: சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றி எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டத்தை மீறிப் பணியமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் செலுத்த வேண்டும் என அது ஆணையிட்டது.
- 2010: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.
- 2016: 14 வயதிற்கு உட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதற்கான தடை, குடும்பத் தொழில் போன்ற சில விலக்குகளுடன், எல்லாத் தொழில்களுக்கும் விரிவாக்கப்பட்டது.

சட்டங்கள், சத்துணவு, பள்ளிகளின் பெருக்கம், இயந்திரமயமாதல் ஆகியவை சேர்ந்து தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பைப் பெருமளவு குறைத்தன. எனினும் 1980களில் குச்சி அடுக்கிய சிறுமிகள் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் உள்ளனர். சட்டம் அடுத்த தலைமுறையைக் காத்தது. இவர்கள் இழந்த பள்ளி ஆண்டுகளை அதனால் திருப்பித் தர இயலவில்லை. வளர்ந்தோர் கல்வி இவ்வட்டாரத்திற்கு ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதுவே விடை.

வளரிளம் பருவம்

2021 இல் வெளியான ஒரு பன்னாட்டு மீளாய்வின்படி, மனநலக் கோளாறு ஏற்படுவோரில் மூன்றில் ஒரு பங்கிற்குச் சற்று அதிகமானோருக்கு அது 14 வயதிற்கு முன்பே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் இக்கால கட்டத்தை அடுத்தே பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் வருகின்றன.

மழையையும் கூலியையும் நம்பி வாழும் குடும்பத்தில் தேர்வு முடிவு ஒரு மாணவரின் மதிப்பெண்ணாக மட்டும் இருப்பதில்லை. குடும்பம் நிலத்தை விட்டு வெளியேறுவதற்கான ஒரே வாயிலாக அது பார்க்கப்படுகிறது. முதல் தலைமுறையாகப் படிக்கும் மாணவருக்கு வீட்டில் பாடம் சொல்லித்தர ஆளில்லை. எதிர்பார்ப்பு மட்டும் உண்டு. தேர்வில் தவறியவர்கள் உடனே வேலைக்கு அனுப்பப்படுவதும், பெண்கள் மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்கு அனுப்பப்படுவதும் அல்லது திருமணம் செய்விக்கப்படுவதும் வழக்கமாக இருந்து வந்துள்ளன. இவ்வாறு ஒரு தேர்வின் தோல்வி வாழ்வின் தோல்வியாக உருப்பெறுகிறது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் சில:

- இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் சோர்வு, உறக்கக் கேடு, உணவில் வெறுப்பு
- நண்பர்களிடமிருந்தும் விளையாட்டிலிருந்தும் விலகல்
- காரணம் புலப்படாத தலைவலி, வயிற்றுவலி
- தான் ஒரு சுமை என்றோ, இருந்து பயனில்லை என்றோ பேசுதல்

இறுதியாகக் கூறப்பட்ட பேச்சை நாடகம் என்று ஒதுக்குவது ஆபத்தானது. அத்தகையவரைத் தனியே விடாமல், கண்டிக்காமல், அவர் கூறுவதைக் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 2022 இல் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மூலம் அரசு மருத்துவமனைகளிலும் சிகிச்சை கிடைக்கிறது. தேர்வில் தவறியோர் அதே ஆண்டில் துணைத்தேர்வு எழுதலாம் என்பதை முடிவு வெளியாகும் நாளுக்கு முன்பே மாணவருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து வைப்பது எளிய, பயனுள்ள முற்காப்பு ஆகும்.

நடு வயது

கைநாட்டு என்னும் சொல்

எழுதத் தெரியாதவர் கையொப்பத்திற்குப் பதிலாகப் பெருவிரல் ரேகையைப் பதிப்பது கைநாட்டு எனப்படும். நாளடைவில் இச்சொல் அந்த ஆளையே குறிக்கும் வசைச்சொல்லாக மாறியது. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க மற்றவரைக் கேட்க வேண்டிய நிலையும், கூலிக் கணக்கைச் சரிபார்க்க இயலாமையும், பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் ரேகை வைக்க நேர்வதும் திரும்பத் திரும்ப வெட்கத்தைத் தருகின்றன. வெட்கம் கொண்டவர் கற்பதற்குச் செல்வதில்லை; சென்றால் தெரியாமை வெளிப்பட்டுவிடும் என்று அஞ்சுகிறார். இது ஒரு சுழற்சியாகும்.

விக்ரம் பட்டேலும் ஆர்தர் கிளெயின்மனும் வளரும் நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2003 இல் வெளியிட்ட கட்டுரையில், மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான உளக் கோளாறுகளுடன் மிகச் சீராகத் தொடர்புற்றிருந்தது குறைந்த கல்வி நிலையே எனக் கண்டனர். கல்வியின்மை நேரடியாக நோயை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. பாதுகாப்பின்மை, நம்பிக்கையிழப்பு, விரைவான சமூக மாற்றம் போன்றவை ஏழைகள் இக்கோளாறுகளுக்கு எளிதில் ஆளாவதற்குக் காரணமாக இருக்கலாம் என்பதே அவர்கள் தந்த விளக்கம்.

அறிவொளி இயக்கம்

1988 இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டதைத் தொடர்ந்து, 1990களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் நடைபெற்றது. தொண்டர்கள் மாலை வேளைகளில் தெருவிளக்கின் கீழும், திண்ணைகளிலும், கோயில் வளாகங்களிலும் வகுப்பு நடத்தினர். புதுக்கோட்டையில் பெண்கள் எழுத்துடன் மிதிவண்டி ஓட்டவும் கற்றது நாடறிந்த நிகழ்வு. கரிசல் வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் அறிவொளி இயக்கத்தில் பணியாற்றித் தம் பட்டறிவை இருளும் ஒளியும் என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்.

இவ்வகுப்புகளில் ஆசிரியரும் மாணவரும் தரையில் வட்டமாக ஒன்றாக அமர்ந்தனர். பாட்டும் தெருநாடகமும் கதையும் பாடங்களாயின. தெரியாமை தனி ஒருவரின் குறையாக அல்லாமல் ஊரின் பொதுச் சிக்கலாகக் காட்டப்பட்டது. வெட்கம் குறைந்ததே எழுத்து ஏறியதற்கு முதற் காரணம் எனலாம்.

இயக்கத்திற்குக் குறைபாடுகளும் இருந்தன. 15 முதல் 35 வயதுவரை உள்ளோரே அதன் முதன்மை இலக்காக இருந்தனர். அதனால் அப்போது நாற்பது வயதில் இருந்தோர் பெரும்பாலும் விடுபட்டனர். தொடர்ந்து வாசிக்க எளிய நூல்கள் கிடைக்காத ஊர்களில், கற்ற எழுத்தும் சில ஆண்டுகளில் மறந்துபோனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏழு வயதுக்கு மேற்பட்ட தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினரே எழுத்தறிவு பெற்றிருந்தனர். 2006 முதல் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தின் கீழ் ஊராட்சிகளில் அமைக்கப்பட்ட நூலகங்கள் வாசிப்புப் பொருள் பற்றாக்குறையை ஓரளவு நிரப்ப முயன்றன. 2022 இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட அனைவரையும் உள்ளடக்குகிறது.

முதிர்ந்த வயதில் கற்கும் மூளை

2010 இல் ஸ்டனிஸ்லாஸ் தெஹேனும் குழுவினரும் பிரேசில், போர்த்துகல் நாடுகளைச் சேர்ந்த 63 பேரை ஆராய்ந்தனர். சிறுவயதில் படித்தோர், வளர்ந்த பின் படித்தோர், எழுத்தறிவற்றோர் என மூவகையினர் அதில் இருந்தனர். வாசிப்பு மூளையில் ஏற்படுத்தும் மாற்றங்களுள் பெரும்பாலானவை, வளர்ந்த பின் கற்றோரிடமும் காணப்பட்டன. வாசிப்பிற்குப் பள்ளிப் பருவம் கடைசி வாய்ப்பு அன்று என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

தொழிலும் மறுகற்றலும்

தானியங்கி இயந்திரங்களும் நெகிழி லைட்டர்களும் கையால் தீப்பெட்டி செய்யும் வேலையைக் குறைத்துவிட்டன. நாற்பது வயதுப் பெண்ணொருவர் தையல், இயந்திர இயக்கம், கடலை மிட்டாய் தயாரிப்பு என வேறு தொழில் கற்க வேண்டியிருக்கிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகளிர் சுய உதவிக் குழுக்கள், கையொப்பமிடவும் வங்கிக் கணக்கைக் கையாளவும் கூட்டத்தில் பேசவும் பல பெண்களுக்கு முதல் பள்ளியாக அமைந்தன.

முதுமை

இருமொழி வாழ்வும் மறதிநோயும்

கரிசல் வட்டாரத்தில் தெலுங்கையோ கன்னடத்தையோ வீட்டு மொழியாகவும் தமிழை ஊர் மொழியாகவும் கொண்ட குடும்பங்கள் பல உள்ளன. சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் ஐதராபாத்தில் 648 மறதிநோயாளர்களை ஆராய்ந்து 2013 இல் முடிவுகளை வெளியிட்டனர். இரு மொழி பேசுவோருக்கு ஒரு மொழி மட்டும் பேசுவோரைவிட ஏறத்தாழ நாலரை ஆண்டுகள் தாமதமாகவே நோய் தோன்றியது. எழுத்தறிவற்றோரிடமும் இவ்வேறுபாடு காணப்பட்டது. பிற நாடுகளின் ஆய்வுகள் அனைத்தும் இதை ஒரே அளவில் உறுதிப்படுத்தவில்லை. எனினும், படிக்காத மூதாட்டி இரு மொழிகளில் பேசுவதும் மூளைக்கான பயிற்சியே என்பதை இது உணர்த்துகிறது. பள்ளிக்கு வெளியே நடைபெறும் கற்றலும் கற்றலே ஆகும்.

லான்செட் ஆய்விதழின் மறதிநோய் ஆணையம் 2024 இல், தவிர்க்கவோ குறைக்கவோ கூடிய 14 இடர்க் காரணிகளைப் பட்டியலிட்டது. இளமையில் குறைந்த கல்வி, செவித்திறன் இழப்பு, பார்வைக் குறை, மனச்சோர்வு, சமூகத் தனிமை ஆகியவை அவற்றுள் அடங்கும். கண்ணாடியும் செவிப்பொறியும் முதியோர் கல்விக்கான கருவிகள் என்றும் கருதத்தக்கவை.

தனிமை

இளையோர் சென்னை, திருப்பூர், பெங்களூர் என வேலைக்குச் சென்றுவிட, பல கரிசல் ஊர்களில் முதியோரே எஞ்சியுள்ளனர். மடத்திலும் வேப்பமரத்தடியிலும் கூடிக் கதை பேசும் வழக்கம் குறைந்துவிட்டது. விதைப்புக் காலம், மழைக்குறி, நாட்டு மருந்து, சொல்வழக்கு, பாட்டு ஆகியவற்றில் முதியோர் கொண்டுள்ள திரண்ட அறிவு, கேட்பார் இன்றி மறைகிறது. எரிக்சன் கூறும் நிறைவுணர்வு, தான் அறிந்தது பிறருக்குப் பயன்படும் என்ற உறுதியிலிருந்தே பெரிதும் பிறக்கிறது. ஆதலால் முதியோருக்குக் கற்பிப்பதைப் போலவே அவர்களிடமிருந்து கற்பதும் ஒரு மனநலப் பணியாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: கி. ராஜநாராயணன்

கோவில்பட்டி அருகிலுள்ள இடைசெவல் ஊரில் பிறந்த கி. ராஜநாராயணன் (கி. ரா.) பள்ளிப் படிப்பை முடிக்காதவர். மழைக்காகத் தான் பள்ளியில் ஒதுங்கியதாகத் தம்மைப் பற்றி நகைச்சுவையாகக் கூறிக்கொள்வார். இளமையில் காசநோயால் துன்புற்றார். வீட்டில் தெலுங்கு பேசியவர். அதே ஊரைச் சேர்ந்த நண்பர் கு. அழகிரிசாமியுடனான வாசிப்பும் உரையாடலும், விளாத்திகுளம் சுவாமிகளிடம் பெற்ற இசைப் பழக்கமும், விவசாயமும் அவருக்குக் கல்வியாயின.

அவருடைய கதைகள் முப்பது வயதைக் கடந்த பின்னரே அச்சேறின. கோபல்ல கிராமம் 1976 இல் வெளிவந்தது. 1982 இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். அகராதிகள் புறக்கணித்த உழவரின் சொற்கள் அதில் இடம்பெற்றன. பிறர் ஓய்வு பெறும் வயதில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகி நாட்டார் கதைகளைத் தொகுத்தார். கோபல்லபுரத்து மக்கள் நாவலுக்கு 1991 இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. தொண்ணூறு வயதைக் கடந்தும் எழுதிய அவர் 2021 மே 17 அன்று காலமானார்.

உருளைகுடியைச் சேர்ந்த சோ. தர்மன் நூற்பாலைத் தொழிலாளியாக இருந்து எழுத்தாளரானவர். சூல் நாவலுக்காக 2019 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். இவர்களைப் போன்றோரைக் காட்டி, பள்ளி இன்றியும் உயரலாம் என்று வாதிடுவது தவறாகும். கி. ரா. வுக்கு நிலமும், நண்பரும், கேட்கச் செவிகளும் இருந்தன. குச்சி அடுக்கிய சிறுமிக்கு அவை இருக்கவில்லை. கற்கத் தேவையான சூழல் கிடைத்தால் வயது தடையாகாது என்பதே இவர்கள் வாழ்விலிருந்து கொள்ளத்தக்க முடிவு.

நடைமுறைக் கூறுகள்

- குழந்தைப் பருவம்: காலை உணவு, உறக்கம், விளையாட்டு நேரம் ஆகியவற்றைப் பாடத்திற்கு இணையாகக் கருதுதல்.
- வளரிளம் பருவம்: தேர்வுக்கு மாற்று வழிகளை முன்கூட்டியே அறிவித்தல், மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பேசாதிருத்தல்.
- நடு வயது: வேலை முடியும் நேரத்திற்கும் பருவ வேலைகளுக்கும் ஏற்ப வகுப்பு நேரத்தை அமைத்தல். பருத்தி எடுப்புக் காலத்தில் வகுப்பு வைத்தால் எவரும் வர இயலாது. படிவம் நிரப்புதல், கூலிக் கணக்கு, கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றம் போன்று உடனே பயன்படுவதிலிருந்து தொடங்குதல்.
- முதுமை: கண், காது பரிசோதனை, கதை, சொல், பாட்டுகளை மாணவர்களைக் கொண்டு பதிவு செய்வித்தல்.

இறுதியாகக் கூறப்பட்டது இரு தலைமுறைகளுக்கும் ஒருசேரப் பயன்படுவது. செலவும் மிகக் குறைவு.

இவற்றையும் பார்க்க

- அறிவொளி இயக்கம்
- கரிசல் இலக்கியம்
- கோவில்பட்டி
- சத்துணவுத் திட்டம்
- வாழ்நாள் கல்வி